பழைய நேரமா, புதிய நேரமா? பிறந்தநேரச் சந்திரனைக் கொண்டு மனப்போக்கைப் படிக்கும் விதம்

இலங்கையின் வன்னியில், பரந்தன் சந்தியிலிருந்து கொஞ்சம் உள்ளுக்கு இருக்கிறது என் கடை. போட்டோக்கொப்பி எடுக்கலாம், படிவம் நிரப்பலாம், சாதகக் குறிப்பும் எடுக்கலாம். முதல் இரண்டுக்கும் வருகிறவர்கள் ஐந்து நிமிடத்தில் போய்விடுவார்கள். குறிப்புக்கு வருகிறவர்கள் வாங்கில் இருந்தால் ஒரு தேத்தண்ணி முடியும்வரை எழும்பமாட்டார்கள். கலியாணம் எப்ப, வெளிநாடு சரிவருமா என்றுதான் கேட்பார்கள். அதற்கு நான் பதில் சொல்வதில்லை. அதைச் சொல்ல வேறு சாத்திரிமார் இருக்கிறார்கள். பெரியப்பா எனக்குப் பழக்கியது வேறொன்று. பிறந்தபோது சந்திரன் நின்ற இடத்தைப் பார்த்து, இந்த ஆள் ஒரு விசயத்தை எப்படி மனதில் எடுப்பார், எந்த வழியால் யோசித்து முடிவுக்கு வருவார் என்று சொல்வது. உங்கள் குறிப்பில் நீங்களே அதைப் பார்க்கலாம்.

எடுத்தவுடனே ராசிபலன் பக்கத்தைத் திருப்ப வேண்டாம். முதலில் நேரத்தைச் சரிபாருங்கள். வன்னியில் பிறந்தவருக்கு இதுதான் பாதி வேலை.

1996 மே 25ஆம் திகதி மின்சாரத் தட்டுப்பாட்டைச் சொல்லி இலங்கை அரசு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது. அதே வருடம் ஒக்டோபர் 26இல் அதில் அரை மணித்தியாலத்தைக் குறைத்தது. மிச்ச அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல் 15 வரைக்கும் நின்றது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில் இந்த மாற்றத்தை எடுக்கவேயில்லை. அதனால் பத்து வருடமாக வவுனியாவில் ஒரு நேரம், ஓமந்தை தாண்டினால் இன்னொரு நேரம். சோதனைச்சாவடி கடந்து வந்தவர்கள் கைமணிக்கூட்டைத் திருப்பிக்கொண்டே கதைப்பார்கள். "பழைய நேரமோ, புதிய நேரமோ?" என்று கேட்காமல் யாரும் யாரையும் சந்திக்கப் போனதில்லை. அந்தக் காலத்துப் பிள்ளைகளின் குறிப்புகளில் பாதிக்கு மேல் அந்தக் கேள்வியைக் கேட்காமலே எழுதியவை.

நானே இதில் பிழை விட்டிருக்கிறேன். கணினியில் சாதகம் போடும் மென்பொருளில் பிறந்த இடம் கிளிநொச்சி, வருடம் 1999 என்று கொடுத்தால், அது தன்பாட்டில் கிறீன்விச்சிலிருந்து ஆறு மணித்தியாலம் என்று எடுத்துக்கொள்ளும். கொழும்புக்கு அது சரி. வீட்டுச் சுவரில் பழைய நேரம் ஓடிய வன்னிக்கு ஐந்தரை என்று கையால் மாற்றவேண்டும். தொடங்கின காலத்தில் எனக்கு இது உறைக்கவில்லை. எத்தனை குறிப்பை அப்படி அச்சடித்துக் கொடுத்தேன் என்று இப்போது எண்ணிப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

அரை மணித்தியாலத்தில் சந்திரன் எவ்வளவு நகர்ந்துவிடப்போகிறது என்று கேட்பீர்கள். நாளொன்றுக்குச் சராசரி 13 பாகை. அரை மணித்தியாலத்துக்குக் கால் பாகையைவிடச் சற்றுக் கூட. ஒரு ராசி 30 பாகை என்பதால் பெரும்பாலானோருக்கு இது ஒன்றும் செய்யாது. இரண்டு ராசிகளின் எல்லையில் சந்திரன் நிற்கப் பிறந்தவருக்குத்தான் தலைகீழாகிவிடும்.

ஒரு பிள்ளையின் கணக்கைக் காட்டுகிறேன். சித்திரை நட்சத்திரம். பழைய நேரப் பஞ்சாங்கப்படி அது திங்கள் பின்னேரம் 4.20க்குத் தொடங்கி, செவ்வாய் பின்னேரம் 5.08க்கு முடிகிறது. மொத்தம் 24 மணித்தியாலம் 48 நிமிடம், அதாவது 1488 நிமிடம். ஒரு நட்சத்திரத்துக்கு நான்கு பாதம். நான்கால் பிரித்தால் பாதம் ஒன்றுக்கு 372 நிமிடம். பிள்ளை பிறந்தது செவ்வாய் விடிய 5 மணி என்று குறிப்பில் இருக்கிறது. பழைய நேரம் என்றால் நட்சத்திரம் தொடங்கி 760 நிமிடம். இரண்டு பாதம் 744இல் முடிந்துவிடும், ஆகவே மூன்றாம் பாதம். புதிய நேரம் என்றால் உண்மையில் அது பழைய 4.30, தொடங்கி 730 நிமிடம்தான், இரண்டாம் பாதம். இங்கேதான் சிக்கல். சித்திரை 1, 2 கன்னி ராசி; 3, 4 துலாம். ஒரே பிள்ளை, ஒரே விடியல், இரண்டு ராசி.

தாய் புதிய நேரக் கணக்கில் எழுதிய குறிப்பைத்தான் நம்பினார். அம்மம்மா விடவில்லை. "இஞ்ச பார் தம்பி, எங்கட வீட்டு மணிக்கூட்டை ஒருத்தரும் தொட்டதில்லை. நான்தான் பாத்தனான். அது பழைய நேரம்." அந்தப் பிள்ளையோ, நான் அச்சடித்துக் கொடுத்த தாளை வாங்கியதும் முதல் வேலையாகத் தன் பெயரில் ஓர் எழுத்துப் பிழையைக் கண்டுபிடித்துக் காட்டியது. பிழை பிடிப்பது கன்னியின் குணம் என்பார்கள், நான் மனதுக்குள் கன்னி என்று முடிவுகட்டிவிட்டேன். பிறகு இரண்டு ராசிக்கும் எழுதிய தாள்களை, ராசிப் பெயர் போடாமல், முன்னால் வைத்து உங்களுக்கு எது பொருந்தும் என்று கேட்டேன். அது இரண்டையும் வாசித்துவிட்டு அம்மம்மாவைப் பார்த்தது, தாயைப் பார்த்தது, போனை எடுத்து மச்சாளிடமும் கேட்டது. அம்மம்மா சிரித்த சிரிப்பில் எனக்குக் கன்னி போய்விட்டது. இதை நிரூபணம் என்று சொல்லவரவில்லை. ஆனால் தராசைக் கையில் வைத்திருக்கும் ராசி எது என்று உங்களுக்குத் தெரியும்.

நேரமே தெரியாதவர்கள் என்ன செய்வது? இடப்பெயர்வில் குறிப்பும் ஓலையும் போனவர்கள்தான் எங்கள் பக்கம் அதிகம். பெரியப்பாவின் சீஆர் கொப்பிகள் பதினொன்றும் 2009இல் மாத்தளன் பக்கம் எங்கேயோ மண்ணுக்குள் கிடக்கின்றன. கிளினிக் கொப்பி இல்லையென்றால் தாயிடம் நேரத்தைக் கேட்காதீர்கள், நிலவைக் கேளுங்கள். அது ஞாபகம் இருக்கும்.

ஓர் அம்மா சொன்னார்: 2009 பெப்ரவரி நடுவில், தமிழ் மாசி பிறந்து சில நாளில், பங்கருக்குள் பிள்ளை பிறந்தது. சாமம். "இருட்டாத்தான் கிடந்தது அண்ணை. பிள்ளை அழுதாப் பிறகுதான் நிலவு கிளம்பினது." அவருக்குத் திகதி தெரியாது. இந்த ஒரு வசனம் எனக்குப் போதும். பறுவத்தன்று, அதாவது முழுநிலவு நாளில், பொழுதுபட நிலவு எழும்பும். பிறகு நாளுக்கு ஏறத்தாழ ஐம்பது நிமிடம் பிந்தும். சாமத்தில் எழும்பினால் அது தேய்பிறை அட்டமியை ஒட்டிய நாள். அன்றைக்குச் சந்திரன் சூரியனுக்கு 90 பாகை பின்னால் நிற்கும். மாசியில் சூரியன் கும்பத்தில். கும்பத்திலிருந்து மூன்று ராசி பின்னுக்கு எண்ணினால் விருச்சிகம். பிறகு அந்த வருடத்துப் பஞ்சாங்கத்தைப் புரட்டினால் அட்டமி எந்தத் திகதி என்று தெரிந்துவிடும். ஒரு நாள் முன்பின்னாகலாம், அதைத் தாயிடம் சொல்லிவிடவேண்டும். லக்கினத்தை, அதாவது பிறக்கும்போது கிழக்கில் எழும்பும் ராசியை, இப்படி எடுக்கவே முடியாது. அது இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாறும். சந்திரன் ஒரு ராசியில் இரண்டேகால் நாள் இருப்பதால்தான் எங்களைப்போல எல்லாம் தொலைத்தவர்களுக்கும் அது கைகொடுக்கிறது.

இன்னொரு குழப்பம். கைபேசியில் வெளிநாட்டுச் செயலிகளைப் பார்த்துவிட்டு "என்ர சந்திரன் விருச்சிகம் எண்டு போட்டிருக்கு, நீங்கள் துலாம் எண்டுறீங்கள்" என்று இளையவர்கள் சண்டைக்கு வருவார்கள். இரண்டும் அதனதன் கணக்கில் சரிதான். மேற்கத்தேய முறை மேடத்தின் தொடக்கத்தைப் பங்குனியில் இரவும் பகலும் சமமாகும் நாளிலிருந்து எடுக்கிறது. நம்முடையது நட்சத்திரங்களிலிருந்து எடுக்கிறது. இடையில் இப்போது ஏறக்குறைய 24 பாகை வித்தியாசம், அதைத்தான் அயனாம்சம் என்பது. 24 பாகை என்றால் ஐந்தில் நாலு பேருக்கு ராசி ஒன்று தள்ளிவிடும். இரண்டையும் கலக்காமல் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். கீழே நான் எழுதுவது நம்முடைய கணக்குக்கு.

ராசி உறுதியானதும் அதன் பூதத்தைப் பாருங்கள். மேடம், சிங்கம், தனுசு நெருப்பு. இடபம், கன்னி, மகரம் நிலம். மிதுனம், துலாம், கும்பம் காற்று. கடகம், விருச்சிகம், மீனம் நீர். மனம் எதை முதலில் பிடிக்கிறது என்பதை இது காட்டும். ஆட்களில் பார்க்கவேண்டுமானால் சிறுபோகப் பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்குப் போய் ஒரு மூலையில் இருங்கள். இரணைமடுவில் இத்தனை அடி தண்ணி, இத்தனை ஏக்கருக்குத்தான் காணும் என்று அறிவிப்பார்கள். நெருப்புச் சந்திரன்காரர் உடனே எழும்பி, "முடிவைச் சொல்லுங்கோ, ஆருக்கு எத்தினை ஏக்கர்?" என்பார். அவருக்கு முடிவுதான் முதலில், காரணம் பிறகு. நிலச் சந்திரன்காரர் தண்ணிக் கணக்கைக் கேட்டதாகவே காட்டமாட்டார், "மூண்டாம் வாய்க்கால் கதவு உடைஞ்சு கிடக்கே, அதை ஆர் செய்யிறது?" என்பார். அவருக்குக் கையால் தொடக்கூடிய ஒன்று வேண்டும், அதிலிருந்துதான் யோசனை தொடங்கும். காற்றுச் சந்திரன்காரர் போன வருடத்தை ஒப்பிடுவார், வவுனிக்குளத்தில் என்ன முறை என்று கேட்பார், பக்கத்தில் இருப்பவரோடு குசுகுசுப்பார். கதைத்தால்தான் அவருக்கு யோசனை வரும். நீர்ச் சந்திரன்காரர் வாயே திறக்கமாட்டார். யார் முகம் கறுத்தது, யார் யாரைப் பார்க்காமல் இருக்கிறார், ஆறு வருடத்துக்கு முன்னம் தண்ணி மறித்தபோது எந்தக் குடும்பம் நட்டப்பட்டது, எல்லாம் அவருக்குள் ஓடும். கூட்டம் முடிந்து சைக்கிளில் வரும்போது அவரிடம் கேளுங்கள், இந்த முடிவு நிற்குமா இல்லையா என்று சொல்வார்.

பூதம் மட்டும் பார்த்து நிறுத்தினால் உலகத்தை நாலு பெட்டிக்குள் அடைத்த மாதிரி ஆகிவிடும். அடுத்தது நடை. சரம், ஸ்திரம், உபயம் என்று மூன்று. மேடம், கடகம், துலாம், மகரம் சர ராசிகள்: மனம் தொடங்கிவிட்டுத்தான் யோசிக்கும். இடபம், சிங்கம், விருச்சிகம், கும்பம் ஸ்திரம்: பிடித்தால் விடாது. மற்ற நாலும் உபயம்: போய்வந்துகொண்டே இருக்கும். ஒரே நீர்தான், ஆனால் சொந்தக்காரர் ஒருவர் கொடுக்கல்வாங்கலில் அவமானப்படுத்திவிட்டார் என்று வையுங்கள். கடகச் சந்திரன் அன்றைக்கே ஏதாவது செய்யும். ஒன்று நேரே போய்ச் சமாதானம் பேசும், அல்லது படலையைச் சாத்திவிடும். விருச்சிகச் சந்திரன் ஒன்றும் செய்யாது. ஏன் அப்படிச் சொன்னார், அதற்குப் பின்னால் யார், என்று தோண்டிக்கொண்டே இருக்கும். பத்து வருடம் கழித்தும் அந்த வசனத்தை எழுத்துப் பிசகாமல் சொல்லும். மீனம் அவர் பக்க நியாயத்தையும் தன் பக்க நோவையும் மாறிமாறி உணர்ந்து, கடைசியில் எவ்வளவு காசு என்ற கணக்கையே தொலைத்துவிடும். என் மனைவி மீனம். அந்தக் கணக்கை நான்தான் எழுதிவைக்கிறேன்.

பங்கரில் பிறந்த பிள்ளையின் தாய் என்னிடம் கேட்டார்: "விருச்சிகத்தில சந்திரன் நீசமெல்லோ அண்ணை? மனம் பலவீனமோ?" நீசம் என்ற சொல்லைக் கேட்டு நிறையப் பேர் பயப்படுகிறார்கள். சந்திரனுக்கு இடபத்தில் 3ஆம் பாகை உச்சம், விருச்சிகத்தில் 3ஆம் பாகை நீசம். நான் இதை இப்படித்தான் வாசிக்கிறேன்: இடபத்தில் மனம் மேலே மிதக்கும், இலகுவில் ஆறும், விருச்சிகத்தில் அடியில் போய் இருக்கும், ஆற நேரம் எடுக்கும். அடியில் போகிற மனம் ஆராய்ச்சிக்கு நல்லது, மருத்துவத்துக்கு நல்லது, பரீட்சைக்கு முதல்நாள் இரவுக்குக் கூடாது. அந்தப் பிள்ளைக்குப் பாடமாக்கச் சொல்லிக் கொடுக்கவேண்டாம், "ஏன்" என்று கேட்க விடுங்கள் என்று மட்டும் தாயிடம் சொன்னேன்.

பிறகு பிறை. வளர்பிறையில் பிறந்தவர் வெளியே சொல்லிச் சொல்லி யோசிப்பார், தேய்பிறையில் பிறந்தவர் உள்ளுக்குள் வடித்துவிட்டுச் சொல்வார் என்பது பெரியப்பாவின் கைப்பழக்கம். என் அனுபவத்தில் அரைவாசிதான் பொருந்துகிறது. ஆனால் பிறையைக் கண்டுபிடிக்க பஞ்சாங்கம் தேவையில்லை. இலங்கையில் ஒவ்வொரு போயாவுக்கும், அதாவது பறுவத்துக்கும், விடுமுறை. பிறந்த வருடத்துக் கலண்டரில் சிவப்பு அடித்த போயா நாளுக்கு முன் இரண்டு கிழமைக்குள் பிறந்திருந்தால் வளர்பிறை, பின் இரண்டு கிழமைக்குள் என்றால் தேய்பிறை.

கடைசியாக, சந்திரனோடு யார் என்று பாருங்கள். சனி கூட இருந்தாலோ பார்த்தாலோ மனம் ஒரு முடிவை மூன்று தரம் திருப்பிப் பார்க்கும். சனி 3, 7, 10ஆம் ராசிகளைப் பார்க்கும் என்பது சாத்திரம், சனி நிற்கும் ராசியை ஒன்று என்று வைத்து எண்ணுங்கள். இந்தச் சேர்க்கையைப் புனர்பூ என்று சொல்லிக் கலியாணத்தைத் தள்ளிவைப்பவர்கள் உண்டு. எனக்கு அது கணக்காளருக்கு வேண்டிய குணமாகத்தான் படுகிறது. வியாழன் பார்த்தால் சின்ன விசயத்தையும் பெரிய படத்துக்குள் வைத்து யோசிப்பார்கள். அவர்களிடம் உப்பு வாங்கிவரச் சொன்னால் உப்பளத்தின் கதையோடு வருவார்கள். சந்திரனுக்கு முன் ராசியிலும் பின் ராசியிலும் எந்தக் கிரகமும் இல்லையென்றால் தனியேதான் யோசிப்பார்கள், ஆலோசனை சொல்லப் போகாதீர்கள்.

இதில் புதனைத் தனியாக எடுக்கவேண்டும். சந்திரன் மனம், புதன் புத்தி. மனம் பிடிப்பதைப் புத்தி கணக்காகவும் சொல்லாகவும் மாற்றுகிறது. சாத்திரத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. சந்திரனுக்குப் புதன் நண்பன். புதனுக்கோ சந்திரன் பகை. புராணத்தில் புதன் சந்திரனின் மகன், தாரையிடத்தில் பிறந்தவன், அந்தக் கோபம் என்பார்கள். வளர்ந்த பிள்ளைகளை வைத்திருக்கும் எந்தத் தகப்பனுக்கும் இது விளங்கும். உங்கள் குறிப்பில் இரண்டும் ஒரே பூதத்தில் இருந்தால் உணர்ந்ததை அப்படியே சொல்லிவிடுவீர்கள். சந்திரன் நீரிலும் புதன் காற்றிலும் இருந்தால் நீங்கள் சொல்வது ஒன்று, உள்ளே கிடப்பது இன்னொன்று. பொய் சொல்வதாக வீட்டில் பேச்சு வாங்குவீர்கள், உண்மையில் பொய்யில்லை.

இவ்வளவும் எழுதிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் கள்ளன். 1948இல் பேர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் 39 மாணவர்களுக்கு "இது உங்களுக்கென்றே எழுதியது" என்று ஒவ்வொரு தாள் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்குப் புள்ளி போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. எல்லாத் தாளும் ஒரே தாள். வசனங்கள் சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. 1985இல் நேச்சர் சஞ்சிகையில் வந்த ஷோன் கார்ல்சனின் பரிசோதனையில், ஒரு சாதகத்தைக் கொடுத்து மூன்று பேரின் குணவிவரத்தில் எது அதற்குரியது என்று சோதிடர்களைக் கேட்டார்கள். மூன்றில் ஒன்றுதான் சரிவந்தது. கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் அதுதான் வரும். கம்பஸில் படிக்கும் மருமகன் இதைச் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. பிறகு அதையே என் முறையாக்கிக்கொண்டேன்.

உங்கள் சந்திரனுக்கு மூன்று வரி எழுதுங்கள். வேறு இரண்டு ராசிகளுக்கும் மூன்று மூன்று வரி. எல்லாருக்கும் பொருந்துகிற வசனத்தை வெட்டுங்கள். "சில வேளை கவலைப்படுவார்" என்பது நெத்தலி விற்பவருக்கும் பொருந்தும், நீதவானுக்கும் பொருந்தும். "கடையில் விலை கேட்டுவிட்டு, வாங்காமல் வீட்டுக்கு வந்து யோசிப்பார்" என்ற மாதிரி, ஆம் இல்லை என்று சொல்லக்கூடியதாக எழுதுங்கள். ராசிப் பெயரில்லாமல் மூன்றையும் உங்களோடு சண்டை பிடிக்கக்கூடிய ஒருவரிடம் கொடுங்கள். மனைவி, அக்கா, பழைய கூட்டாளி. நீங்கள் எடுக்கவேண்டாம்; நமக்கு நம்மைப் பற்றி நல்ல எண்ணம் கூட. அவர் வேறொன்றை எடுத்தால் நேரத்தைத் திரும்பப் பாருங்கள். நேரமும் சரியென்றால், சாத்திரம் பிழைத்தது என்று எழுதிவையுங்கள். என் கொப்பியில் அப்படியும் பக்கங்கள் இருக்கின்றன.

ராசி எல்லையில் பிறந்தவர்கள் சந்திராட்டமத்தையும் பார்க்கலாம். உங்கள் ராசிக்கு எட்டாவதில் சந்திரன் போகும் இரண்டேகால் நாள். கன்னிக்கு அது மேடத்தில், துலாத்துக்கு இடபத்தில். மூன்று மாதம் ஒவ்வொரு இரவும் கலண்டரில் அன்றைய மனநிலைக்கு ஒரு புள்ளி மட்டும் வையுங்கள், பஞ்சாங்கத்தைப் பார்க்காமல். பிறகு ஒப்பிடுங்கள். முதலே பார்த்துவிட்டு வைத்தால் அந்த நாளில் கட்டாயம் தலையிடி வரும்.

பொருத்தம் பார்க்க இதைக் கொண்டுவராதீர்கள். "பெடியன் யோசிக்கிற விதம் சரியில்லை" என்று ஒரு சம்பந்தம் குழம்பியதற்கு என் தாள் காரணமாக இருந்தது. அதற்குப் பிறகு இந்தத் தாளைச் சாதகத்தோடு சேர்த்துக் குத்துவதில்லை, தனியாகத்தான் கொடுக்கிறேன்.

இப்போது என் படிவத்தில் பிறந்த நேரத்துக்குப் பக்கத்தில் இரண்டு பெட்டி அடித்திருக்கிறேன்: பழைய நேரம், புதிய நேரம். போன கிழமை ஓர் அப்பு பேரனுக்குக் குறிப்பு எடுக்க வந்தார். பேரன் 2011இல் பிறந்தவன். அப்பு கண்ணாடியைப் போட்டு, இரண்டு பெட்டியையும் ஒருதரம் வாசித்து, பழைய நேரத்துக்கு அழுத்திப் புள்ளடி போட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை.